அரியலூருக்கு ஐந்து கண்ணாடிகள்

வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதுகிறார்கள். விமானத்தில் என்ன சாப்பிடக் கொடுத்தார்கள், பனி எப்படி இருந்தது என்று. நான் போனது அரியலூர். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். போய் வர மூன்று நாள் ஆனது. அதை எழுதுகிறேன்.

பெரம்பலூர் பக்கம் ரோட்டோரக் காலேஜ் ஒன்றில் நான் லேப் அட்டெண்டர். எட்டாவது வரை படிப்பு. ஒப்பந்த வேலை. வருடா வருடம் ஜூனில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம். இயற்பியல் லேபில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் பி.எச்டி. செய்தாள். சொந்த ஊர் வரதராசன்பேட்டை. அவள் கண்ணாடி மேல் மெல்லிய படலம் வளர்ப்பவள். நான் அவளுக்குக் கையுதவி.

படலம் வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. பொறுமை வேண்டும். காலியம் என்ற உலோகத்தின் உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். சூடான தட்டின் மேல் குவார்ட்ஸ் கண்ணாடியை வைத்து, அந்தக் கரைசலைப் பனி மாதிரி தெளிக்க வேண்டும். தட்டு சூடு குறைந்தால் படலம் பால் மாதிரி வெளுக்கும். கூடினால் மாவாக உதிரும். சரியாக இருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பிறகு உலையில் தொள்ளாயிரம் டிகிரி. வெளியே எடுத்தால் வெறும் கண்ணாடி போலத்தான் இருக்கும். அதற்கு மேலே காலியம் ஆக்சைடு இருக்கும்.

எதற்கு இது என்று ஒருமுறை கேட்டேன்.

"வெயில்ல ஒரு வகை வெளிச்சம் மட்டும் பூமிக்கு வந்து சேராதுண்ணே. மேலயே நின்னுடும். இந்தப் படலம் அதை மட்டும்தான் பிடிக்கும். மத்ததையெல்லாம் விட்டுரும். நடுப்பகல்ல கரண்டு கம்பியில பொறி பறந்தாலும் இதை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம். வெயிலால இதை ஏமாத்த முடியாது" என்றாள்.

எனக்கு அது போதும்.

முதல் நாள்

பெட்டி டிபன் பாக்ஸ் அளவு. உள்ளே பஞ்சு. பஞ்சில் ஐந்து கண்ணாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். இவற்றின் வழியே எவ்வளவு வெளிச்சம் போகிறது என்று அளக்கிற மிஷின் எங்கள் காலேஜில் பழுது. அரியலூரில் ஒரு காலேஜில் இருக்கிறது. ஸ்டெல்லா ஊருக்குப் போய்விட்டாள். மறுநாள் மதியம் இரண்டரைக்கு அவளுக்குக் கம்ப்யூட்டரில் நேர்காணல். ஜப்பானில் ஒரு ஆய்வுக்கூடம். எடுத்தால் மூன்று வருட வேலை. அளந்த கிராஃபை முதல் நாள் மாலைக்குள்ளேயே அவளுக்கு அனுப்ப வேண்டும். அதனால் நான் கிளம்பினேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைக்கவில்லை. இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தேன். குலுக்கல் கையோடு நிற்கும்.

கண்டக்டர் பார்த்தார். "என்னண்ணே பெட்டியில?"

"காலியம்."

"காலியா?"

"காலியம்."

"காலிப் பெட்டிக்கா இந்தப் பாடு? கீழ வைங்கண்ணே, கை வலிக்கப் போகுது."

பக்கத்தில் ஒரு அம்மா. காலடியில் சின்ன வெங்காய மூட்டை. "புள்ளைக்கு நகை வாங்கிட்டுப் போறாரு. உங்கிட்ட சொல்லுவாரா?" என்றார். பஸ் சிரித்தது.

எங்கள் பக்கம் மண் கறுப்பு. பருத்தியும் மக்காச்சோளமும். அரியலூர் நெருங்க நெருங்க எல்லாம் வெள்ளையாகிறது. வேப்பிலை வெள்ளை, கடைப் பலகை வெள்ளை, மாட்டு முதுகு வெள்ளை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி ஊரையே வெள்ளையடித்து வைத்திருக்கின்றன. ஓரிடத்தில் ஒரு ஆள் சிவப்புக் கொடி காட்டிப் பஸ்ஸை நிறுத்தினார். சுரங்கத்தில் வெடி வைக்கிற நேரம். எல்லோரும் ஜன்னலை மூடினோம். தரை ஒருமுறை உதறியது. என் கை பெட்டியோடு மேலே போய் வந்தது. வெங்காய அம்மா இப்போது சிரிக்கவில்லை. "கண்ணாடியாய்யா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். தன் மூட்டையை நகர்த்தி என் காலுக்கு இடம் விட்டார்.

அளக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்பவர் ரஹமத்துல்லா. என் வயதுதான் இருக்கும். போனில்தான் பழக்கம், அன்றுதான் நேரில் பார்த்தேன்.

"வாய்யா பெரம்பலூரு. டீ சாப்புட்டியா?"

"முதல்ல இது, பாய்."

மிஷின் முகப்பில் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. ஆயுத பூஜை முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். "பசங்க வச்சானுங்க. நானும் தொடைக்கல. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

கண்ணாடியை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தேன். மூடியை மூடினார். திரையில் ஒரு கோடு வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் நகர்ந்தது. கீழே உள்ள எண்கள் வெளிச்சத்தின் அலைநீளம், எழுநூறு அறுநூறு என்று குறைந்துகொண்டே வரும். நல்ல படலம் என்றால் கோடு மேலேயே போக வேண்டும். லேசாக அலை இருக்கும். அந்த அலையை வைத்துத்தான் படலத்தின் தடிமனைக் கணக்குப் போடுவாள் ஸ்டெல்லா. இருநூற்று அறுபது பக்கம் வந்ததும் கோடு கிணற்றில் விழுகிற மாதிரி விழ வேண்டும். அங்கேதான் அது அந்த வெளிச்சத்தைப் பிடிக்கிறது.

கோடு வந்தது. நானூற்று இருபது பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. சின்னப் பள்ளம். ஏறி மறுபடி நேராகப் போனது. இருநூற்று அறுபதில் விழுந்தது.

"இது என்ன பள்ளம்?" என்றார் பாய்.

"தெரியல."

இரண்டாவது கண்ணாடியிலும் அதே பள்ளம். மூன்றாவதிலும். நான்காவதிலும். ஐந்தாவதை வைக்கும்போது கரண்டு போனது. அரை மணி பார்த்தோம். வரவில்லை. வந்தாலும் விளக்கு சூடேற அரை மணி ஆகும் என்றார்.

நான்கு கிராஃபையும் எங்கள் சாருக்கு அனுப்பினார். சார் என்பது ஸ்டெல்லாவின் வழிகாட்டி. என் ஜூன் மாதக் கையெழுத்தும் அவர் கையில்தான். ஐந்து நிமிடத்தில் என் போன் அடித்தது. பன்னிரண்டு வருடத்தில் அவர் குரலை அப்படிக் கேட்டதில்லை.

"செல்வராசு, இது புதுசு. யாருக்கும் வராத இடத்துல வந்திருக்கு. நைட்ரஜன் உள்ள போயிருக்கு. கரைசல்லேருந்து போயிருக்கு. ஸ்டெல்லாகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு இதைத்தான் முதல்ல காட்டப்போறா. அஞ்சாவதையும் காலையில அளந்துட்டு வா. பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலையாத. அங்கயே தங்கிக்க."

ஸ்டேஷன் பக்கம் லாட்ஜ். ஓட்டலில் பரோட்டா. எங்கள் ஊரில் சால்னாவைத் தனியாகத் தருவார்கள், இங்கே கேட்காமலே மேலே ஊற்றிவிட்டார்கள். பெட்டியைப் பெஞ்சில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சர்வர் அதற்கும் ஒரு இலை போடட்டுமா என்று கேட்டான். ரயில் போகும்போதெல்லாம் ஓட்டல் டம்ளர்கள் சலசலத்தன. எனக்கு மனசு லேசாக இருந்தது. நான் தெளித்த படலம். நான் பார்த்த சூடு.

இரண்டாம் நாள்

காலை ஒன்பதரைக்கு விளக்கு சூடேறியது. ஐந்தாவது கண்ணாடியை வைத்தோம்.

கோடு நேராகப் போனது. நானூற்று இருபதில் ஒன்றும் இல்லை. அலை இருந்தது. இருநூற்று அறுபதில் விழுந்தது. பள்ளம் இல்லை.

"அஞ்சும் ஒரே சட்டியில வெந்ததுதானே?" என்றார் பாய்.

"ஆமா."

"ஒரே கரைசல்?"

"ஒரே நாள். ஒரே கரைசல்."

"அப்ப இது மட்டும் எப்படிச் சுத்தமா இருக்கு? நைட்ரஜன் நாலு வூட்டுக்கு மட்டும் போயிட்டு வந்துச்சா?"

நான் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சந்தனப் பொட்டு கண்ணெதிரே இருந்தது.

ஆயுத பூஜை அன்று லேபில் நான் மட்டும்தான். தெளிக்கிற கருவி, உலை, தராசு, பம்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். சந்தனம் தீர்ந்துவிட்டது. உலையிலிருந்து எடுத்து ஆறவைத்த நான்கு கண்ணாடி மேஜையில் இருந்தது. இவ்வளவு மிஷினும் எதற்காக? இந்தக் கண்ணாடிக்காக. அதை விட்டுவிட்டு உலைக்கு மட்டும் வைப்பது சரியாகப் படவில்லை. மஞ்சளைக் குழைத்து, தீக்குச்சி முனையால் நான்கின் ஓரத்திலும் ஒரு புள்ளி வைத்தேன். கும்பிட்டேன். ஐந்தாவது அப்போது உலைக்குள் இருந்தது.

மறுநாள் ஸ்டெல்லா வருவதற்கு முன்னால் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். புள்ளி போய்விட்டது. அப்படித்தான் நினைத்தேன். மஞ்சள் ஸ்பிரிட்டில் கரையும். புள்ளியாக இருந்ததை நான்தான் கண்ணாடி முழுக்கப் பூசியிருக்கிறேன்.

"பாய். பொட்டு வச்சேன்."

"எதுக்கு?"

"கண்ணாடிக்கு. மஞ்சள்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைத் தட்டிச் சிரித்தார். "ஜப்பான்காரன்கிட்ட சாம்பார்ல போடுற மஞ்சளைக் கண்டுபிடிச்சிருக்கோம்னு சொல்லப் போகுதா அந்தப் பொண்ணு?" என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "யா அல்லா. எத்தனை மணிக்கு?"

"ரெண்டரை."

"போன் போடு."

ஸ்டெல்லாவின் போன் அணைந்திருந்தது. நேர்காணல் முடியும்வரை அணைத்து வை என்று சார் சொல்லியிருந்தார். சாருக்குப் போட்டேன். எடுத்தார். சொன்னேன்.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"பாய்க்குத் தெரியும்."

"இப்ப சொல்லாத. அந்தப் பொண்ணு பதறிடும். நேர்காணல் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம். அது மஞ்சளாவே இருக்கணும்னு என்ன நிச்சயம்?"

"சார், அஞ்சாவது கண்ணாடி..."

"அஞ்சாவதை நான் பாத்துக்கறேன். நீ நேரா காலேஜுக்கு வா."

பாய் ஐந்தாவது கிராஃபைக் காகிதத்தில் எடுத்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "சார் என்ன சொன்னாரு?"

"காலேஜுக்கு வரச் சொன்னார்."

"நீ?"

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் நின்றன. ஒன்று பெரம்பலூர். ஒன்று ஜெயங்கொண்டம். வரதராசன்பேட்டைக்கு ஜெயங்கொண்டம் போய் மாற வேண்டும். ஜூன் மாதக் கையெழுத்து நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் முதல் படமாகப் பள்ளத்தைக் காட்டப் போகிறாள் என்பதும் நினைவுக்கு வந்தது. அங்கே போன பிறகு அதை மறுபடி செய்து காட்டச் சொல்வார்கள். அவளால் முடியாது. மூன்று வருடமும் முடியாது.

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினேன். அப்போது மணி பத்தே முக்கால்.

கைகாட்டி என்ற ஊருக்கு முன்னால் பஸ் நின்றது. முன்னால் லாரி, அதற்கு முன்னால் லாரி, கண்ணுக்கு எட்டும்வரை லாரி. ஒன்று கவிழ்ந்து கல்லெல்லாம் ரோட்டில். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி பீடி பற்ற வைத்தார். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எவ்வளவு நேரம்ணே ஆகும்?"

"கிரேன் வரணும். கிரேனும் இதுலதான் மாட்டியிருக்கு."

முக்கால் மணி உட்கார்ந்தேன். பிறகு பெட்டியோடு இறங்கி நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. லாரிக்காரர்கள் வண்டிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் தட்டில் தயிர் சோறு. "சாப்புடுறியா?" என்றார், நிற்காமல் போகிற ஆளிடம். கவிழ்ந்த லாரியைத் தாண்டும்போது வெள்ளைப் புழுதி முழங்கால் வரை. பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு டவுன் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டினேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சுரங்கத்துலேருந்து நேரா எந்திரிச்சு வரியாண்ணே?" என்றார்.

உடையார்பாளையம் தாண்டும்போது ஒன்று. ஜெயங்கொண்டத்தில் வரதராசன்பேட்டை போகும் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப் பிடித்தேன். பெட்டியோடு நான் ஓடியது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பக்கம் மண் சிவப்பு. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. பஸ்ஸில் பேச்சு முழுக்கக் கல்லறைத் திருநாள். யார் வீட்டுக் கல்லறைக்கு யார் வெள்ளையடிப்பது, பூ என்ன விலை. நான் மணியைப் பார்த்தேன். அணைந்த போனுக்கு மறுபடி போட்டேன். மறுபடி போட்டேன்.

கோயில் தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கும்போது இரண்டு அடித்து ஏழு நிமிடம். வாசலில் ஒருவர் வாளியில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் அப்பா. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள். அந்தக் கல்லறைக்குத்தான் சுண்ணாம்பு.

"யாருங்க?"

"பெரம்பலூர் காலேஜ்லேருந்து வரேன் சார். ஸ்டெல்லாவைப் பாக்கணும்."

"அவ ரெண்டரைக்குக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரணும். முடிஞ்சு பாருங்க."

"முடியறதுக்கு முன்னாடி பாக்கணும் சார்."

குரல் கேட்டு அவளே வந்தாள். நல்ல புடவை. என் சட்டை, தலை எல்லாம் வெள்ளை. பயந்துவிட்டாள்.

"அண்ணே? கண்ணாடி உடைஞ்சிருச்சா?"

"உடையல."

"அப்புறம்?"

"அந்தப் பள்ளம் நைட்ரஜன் இல்லம்மா. மஞ்சள்."

அவளுக்குப் புரியவில்லை. தீக்குச்சி, பொட்டு, ஸ்பிரிட் எல்லாம் சொன்னேன். ஐந்தாவது கிராஃபைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் கண்ணாடியைத் தொட வேணாம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"தொடல. இடுக்கியாலதான் பிடிச்சேன்."

"அண்ணே!"

நான் பெட்டியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ராத்திரியெல்லாம் இதை வச்சுத்தான் எல்லாத்தையும் மாத்தி எழுதினேன். சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். இப்ப உங்கிட்ட சொல்ல வேணாம்னார்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கலக்கவில்லை.

"மஞ்சள்தான்னு எப்படித் தெரியும்? நீங்க சொல்றீங்கன்னு நான் அங்க போய்ச் சொல்ல முடியாதுண்ணே. அவங்க ஆதாரம் கேப்பாங்க. இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."

ஆதாரம். எனக்கு அந்த மாதிரி படிப்பு இல்லை. கீழே பார்த்தேன். வாளி இருந்தது.

"பஞ்சு இருக்கா? கையில தேய்க்கிற சானிடைசர் இருக்கா?"

கொண்டு வந்தாள். பெட்டியைத் திறந்து, ஒரு கண்ணாடியை இடுக்கியால் எடுத்தேன். நனைத்த பஞ்சால் இரண்டு பக்கமும் நன்றாக அழுத்தித் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் மஞ்சள் மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வாளியில் தெளிந்து நின்ற சுண்ணாம்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டேன்.

மூவரும் குனிந்து பார்த்தோம்.

பஞ்சு சிவந்தது. முதலில் ஓரம். பிறகு உள்ளே.

"ஆரத்தி" என்றார் அவள் அப்பா.

வேறு பஞ்சை எடுத்து ஐந்தாவது கண்ணாடியைத் துடைத்து அதிலும் ஒரு சொட்டு விடச் சொன்னாள் ஸ்டெல்லா. விட்டேன். சிவக்கவில்லை. இரண்டு பஞ்சையும் ஒரு வெள்ளைச் சாசரில் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் அப்பா ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற நிலையில் நானும் இல்லை. உள்ளே கம்ப்யூட்டரில் ஆள் குரல்கள் வந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கதவோரம் நின்று மெதுவாகச் சொன்னார்.

"பேரு சொல்றா. படிப்பு சொல்றா... படலம் எப்படி வளர்க்கறதுன்னு சொல்றா."

நெடுநேரம் அதுதான். நான் தரையைப் பார்த்தேன். பெட்டி மடியில் இருந்தது.

"அஞ்சு கண்ணாடின்னு சொல்றா... நேத்து அனுப்பினதுல நாலு தப்புன்னு சொல்றா."

உள்ளே ஒரு ஆண் குரல் ஏதோ கேட்டது.

"ஏன்னு கேக்குறாங்க." அவர் விரல் கதவு நிலையில் இருந்தது. "மஞ்சள்னு சொல்லிட்டா."

தெருவில் ஒருவர் பெரிய தூரிகையோடு சைக்கிளில் போனார். வாளிச் சுண்ணாம்பில் ஒரு குமிழ் வந்து உடைந்தது. பிறகு உள்ளே யாரோ சிரித்தார்கள். இரண்டு பேர்.

"சிரிக்கிறாங்களா சார்?"

"சிரிக்கிறாங்க."

"நல்லவிதமாவா?"

"தெரியலையே."

ஸ்டெல்லா பேசினாள். சாசர் மேஜையில் உரசும் சத்தம் கேட்டது. பஞ்சைத் தூக்கிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுபடி கேள்வி. மறுபடி பதில். இன்னொரு இருபது நிமிடம். கதவு திறந்தபோது அவள் முகத்தில் பவுடர் எல்லாம் வேர்வையில் கரைந்திருந்தது.

"கழுவின கண்ணாடியை அளந்து நாளைக்கு அனுப்பணுமாம். பள்ளம் போயிருக்கணும். படலம் அப்படியே இருக்கணும். ரெண்டும் சரியா இருந்தாத்தான் மேல பேசுவாங்களாம்."

"சிரிச்சாங்களே?"

"அதுக்கு அர்த்தம் எனக்கும் தெரியலண்ணே."

அப்போதுதான் அவள் அப்பா டீ போடப் போனார்.

மூன்றாம் நாள்

அன்றிரவு அவர்கள் பங்காளி வீட்டில் படுத்தேன். காலை முதல் பஸ்ஸில் ஸ்டெல்லாவும் நானும் அரியலூர் கிளம்பினோம். பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். வாங்கினாள். கொஞ்ச தூரம் போனதும், "நீங்களே வச்சுக்கங்க" என்று திருப்பித் தந்தாள். என்னைப் போலத் தூக்கிப் பிடிக்க அவளால் முடியவில்லை. கவிழ்ந்த லாரி இருந்த இடத்தில் சல்லி மட்டும் கிடந்தது.

பாய் தயாராக இருந்தார். "கழுவுறது யாரு?"

"அண்ணன்தான்" என்றாள்.

நல்ல ஸ்பிரிட். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர். மறுபடி ஸ்பிரிட். கழுவக் கழுவ என் பயம் வேறாக இருந்தது. அழுத்தித் துடைத்தால் படலத்தில் கீறல் விழும். துடைக்காவிட்டால் மஞ்சள் போகாது. படலம் உரிந்தால் பார்க்க அடையாளமே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறதா போய்விட்டதா என்று கையால் எப்படிச் சொல்வது? காற்று ஊதி உலர்த்தினேன். இடுக்கியால் பாயிடம் கொடுத்தேன்.

பாய் மூடியை மூடினார். கோடு கிளம்பியது.

எழுநூறு. அறுநூறு. மேலேயே போனது. ஐந்நூறு. ஸ்டெல்லா கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நானூற்று ஐம்பது. நானூற்று இருபது.

நேராகப் போனது.

"இருங்க" என்றாள். அவள் பார்த்தது அலையை. முந்தாநாள் இருந்த அதே லேசான அலை, அதே இடத்தில் ஏறி அதே இடத்தில் இறங்கியது. படலம் போகவில்லை. உள்ளே விளக்கு மாறும் சத்தம் டக்கென்று கேட்டது. முந்நூறு. இருநூற்று அறுபதில் கோடு கீழே விழுந்தது.

"மாஷா அல்லா" என்றார் பாய்.

ஸ்டெல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்ற மூன்றையும் கழுவினோம். மூன்றும் நேர்க்கோடு. அங்கிருந்தே அனுப்பினாள். முகவரியில் சார் பெயரையும் சேர்த்தாள். அவருக்கும் தெரியட்டும் என்றாள்.

ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் மூவரும் சாப்பிட்டோம். பாய் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "ஏம்மா, அடுத்த தடவை இவரு குங்குமம் வச்சா எந்த இடத்துல பள்ளம் வரும்?" அவள் சிரிக்கவில்லை. சாம்பாரைத் தொடவும் இல்லை. ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். கை கழுவும்போது என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, எனக்குக் கோவம் இன்னும் போகல."

"சரிம்மா."

"நேத்து நீங்க வரலைன்னா என்ன ஆயிருக்கும்னும் நினைக்கிறேன்."

"சரி."

"இனிமே பொட்டு வைக்கணும்னு தோணுச்சுன்னா பெட்டிக்கு வைங்க. கண்ணாடிக்கு வேணாம்."

அவள் ஜெயங்கொண்டம் பஸ் ஏறினாள். நான் பெரம்பலூர் பஸ் ஏறினேன். அதே கண்டக்டர். "என்னண்ணே, மறுபடி காலிப் பெட்டியா?" என்றார். இந்த முறை நானும் சிரித்தேன் போலிருக்கிறது. அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு ஒரு மாதிரி பார்த்துப் போனார். வெள்ளை முடிந்து கறுப்பு மண் தொடங்கியது. பருத்தி வெடித்திருந்தது.

சார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஜூனில் கையெழுத்து வாங்கினார். ஏன் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

இந்த வருட ஆயுத பூஜைக்கும் லேபில் நான் மட்டும்தான். தெளிக்கிற கருவிக்கு, உலைக்கு, தராசுக்கு, பம்புக்கு எல்லாம் வைத்தேன். இந்த முறை சந்தனம் நிறைய வாங்கியிருந்தேன். கடைசியில் ஸ்டெல்லாவின் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன். காலி. ஐந்தும் அவளோடு ஜப்பானில் இருக்கின்றன.

மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்தேன்.